கரண்ட் வந்ததைச் சொல்ல வேண்டுமா

பாளையங்கோட்டையில் கரண்ட் போனால் தெருவே ஒரே குரலில் "ஓ" என்று கத்தும். வந்தாலும் அதே "ஓ"தான். இரண்டும் ஒரே அளவுச் சத்தம். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இரண்டு சத்தமும் ஒரே அளவாக இருக்கலாமா கூடாதா என்று தொண்ணூற்றெட்டாம் வருஷம் உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் மெயில் மெயிலாக எழுதிச் சண்டை போட்டார்கள். சண்டைக்குக் காரணம் பியூலா. நம் ஊர்க்காரி என்பதால் அவள் பக்கமே நின்று சொல்கிறேன். என்னிடம் நடுநிலையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

பியூலா அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், எதுவும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. அப்பா அவள் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா போய் எட்டு வருஷம். ஒரே தம்பி ஹெப்ரான் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தான். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழையும் நேரம் பார்த்து போன் பண்ணுவான்.

"சுகமாக்கா?"

"சுகம்லே. நீ?"

"சுகம். சரி, வைக்கட்டா?"

வருஷத்துக்கு ஒருமுறை இவ்வளவுதான் பேச்சு. ஊரில் கேட்டால், தம்பி தவறாமல் போன் பண்ணுகிறான், கொடுத்துவைத்தவள் என்பார்கள்.

முதலில் அவள் இயற்பியல் துறையில் லேப் உதவியாளராகத்தான் சேர்ந்தாள். கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதன் பக்கத்தில் போக எல்லோருக்கும் பயம். செருப்போடு உள்ளே போனால் மெஷின் கெட்டுவிடும் என்று நம்பிய காலம் அது. தூசி துடைக்கவாவது ஒரு ஆள் வேண்டுமே என்று பியூலாவை அனுப்பினார்கள். அவள் துடைத்தாள். துடைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் கூட வந்த தடித்தடிப் புத்தகங்களைப் படித்தாள். வீட்டுக்குப் போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லாதவர்களுக்குப் படிப்பு சீக்கிரம் ஏறும். சில வருஷத்தில் அந்த அறையே அவள் பொறுப்பு என்றாயிற்று.

ஒருநாள் மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. யூ.பி.எஸ். தாங்கும் என்று நினைத்தார்கள். அது தன்னால் முடிந்தமட்டும் தாங்கிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பொத்தென்று உயிரை விட்டது. பிள்ளைகள் செய்ததெல்லாம் போயிற்று, ஒரு மெஷினின் டிஸ்க்கும் போயிற்று. பியூலாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போவது போகிறாய், சொல்லிவிட்டுப் போனால் என்ன? யூ.பி.எஸ்ஸின் முதுகில் ஒரு துளை இருந்தது. அதில் ஒரு ஒயரைச் செருகி மறுமுனையைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் இரண்டும் பேசிக்கொள்ளலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு நிரல் எழுதினாள். அவள் எழுதியது முழு நிரல்கூட இல்லை, மற்றவர்கள் தங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு ஆயத்தத் துண்டு. லைப்ரரி என்பார்கள். அதற்குத் தாமிரா என்று பெயர் வைத்தாள்.

வைத்ததோடு நில்லாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று எழுதி நெட்டில் போட்டாள். இப்படிச் சும்மா தருவதற்கு அந்த வருஷம்தான் ஓப்பன் சோர்ஸ் என்று புதிதாக ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள். லேபிலிருந்து போன் லைனில் மோடத்தை மாட்டி, அது கிர்ரென்று கத்தி ஓய்ந்த பிறகு, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மெயிலை இறக்கிக்கொள்ளக் கல்லூரி அனுமதித்திருந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு பின்லாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதினார். பிரேசிலிலிருந்து ஒருவர் எழுதினார். ஹாலந்தில் உத்ரெக்ட் என்ற ஊரில் பெரிய கம்ப்யூட்டர் அறை ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் மார்ட்டென் என்பவர் எழுதினார். இப்படிச் சேர்ந்தவர்களுக்காகப் பொதுவில் ஒரு மெயில் குழு வைத்தார்கள். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும்.

இனி சண்டைக்கு வருவோம்.

இம்மாதிரி நிரல்கள் வேலை செய்யும்போது நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படிச் சொல்வதற்கு லாக் என்று பெயர். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? அதனால் படிகள் உண்டு. ஆபத்து என்றால் எரர், மேல்படி. கவனம் என்றால் வார்னிங், அதற்கு அடுத்தது. சும்மா தகவல் என்றால் இன்ஃபோ. தொணதொணப்பெல்லாம் டீபக், கீழ்ப்படி. பெரும்பாலான ஆட்கள் வார்னிங்கையும் அதற்கு மேலே இருப்பதையும் மட்டும் கேட்பார்கள், கீழே உள்ளதை வாயை மூடு என்று அடக்கி வைத்துவிடுவார்கள். எதை எந்தப் படியில் வைப்பது என்பது லைப்ரரியை எழுதியவர் கையில்.

பேட்டரி தீரப்போகிறது என்பதை பியூலா எரரில் வைத்தாள். கரண்ட் போய்விட்டது என்பதை வார்னிங்கில் வைத்தாள். கரண்ட் வந்துவிட்டது என்பதையும் அதே வார்னிங்கில் வைத்தாள்.

யோசித்து வைத்ததல்ல. கை அப்படித்தான் போயிற்று. அவள் சபையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெப விண்ணப்பம் வாசிப்பார்கள். சாலோமி அம்மாளுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன், சபையார் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று குருவானவர் சொல்வார். அடுத்தடுத்த வாரத்தில் அதே இடத்தில் நின்று அதே குரலில், சாலோமி அம்மாள் சுகமாகி வீடு திரும்பியதற்காக ஸ்தோத்திரம் என்றும் சொல்வார். முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால், அந்தக் குடும்பத்தை அங்கே ஒருவரும் மதிக்கமாட்டார்கள். ஜெபம் பண்ணச் சொல்லத் தெரிந்தவளுக்கு நல்லாயிட்டேன்னு சொல்லத் தெரியாதாக்கும் என்று கிணற்றடியில் வைத்துக் கிழித்துவிடுவார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த கை வேறு எப்படிப் போகும்?

மார்ட்டென் மரியாதையாகத்தான் எழுதினார். "வார்னிங் என்றால் ஒருவர் எழுந்து எதையாவது செய்யவேண்டும் என்று பொருள். கரண்ட் வந்துவிட்டால் செய்ய ஒன்றும் இல்லை. தயவுசெய்து அதை இன்ஃபோவுக்கு இறக்குங்கள்."

பியூலா பதில் எழுதினாள். "போய்விட்டது என்று கேட்டவர் காத்துக்கொண்டிருப்பார். வந்துவிட்டது என்று அவருக்கு யார் சொல்வது?"

"சத்தம் இல்லையென்றால் எல்லாம் நலம் என்று புரிந்துகொள்வார்."

"சத்தம் இல்லையென்றால் பேட்டரி செத்துப்போயிற்று என்றும் புரிந்துகொள்ளலாமே?"

இதற்கு பின்லாந்து வாத்தியார் ஒரு பதில் எழுதினார். பிரேசில்காரர் இரண்டு பக்கமும் நியாயம் என்று எழுதி இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கினார். யார் யாரோ, அதுவரை ஒரு வரியும் எழுதாதவர்களெல்லாம் வந்து கருத்துச் சொன்னார்கள். கடைசியில் மார்ட்டென் எழுதினார்: "நீங்கள் சொல்வது பொறியியல் அல்ல, மரியாதை." அவர் குத்திக்காட்டத்தான் எழுதியிருப்பார். பியூலாவுக்கு அது பாராட்டு மாதிரி பட்டது.

அந்த வாரங்களில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சேலை. தலையில் பூ வைக்கும் வழக்கம் இல்லை, இருந்தால் அதுவும் வைத்திருப்பாள். கல்லூரி மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே வந்து மோடத்தைத் தட்டிவிட்டு, அது கத்தும் சத்தத்தைப் பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நிற்பாள். லேபில் கூட வேலை பார்த்த விஜயஸ்ரீ விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். புருஷனுக்கு அங்கே மில்லில் வேலை. கண்ணில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாத பெண்.

"யாருக்கா அது மார்ட்டெனு? தெனமும் ரெண்டு பேரும் சண்ட போடுதீய, ஒங்க மொகம் மட்டும் மலந்து கெடக்கு?"

"போளா. லாக் லெவலப் பத்திப் பேசுதோம்."

"அது என்னமும் இருந்துட்டுப் போட்டும். மனுசருக்குக் கல்யாணம் ஆயிட்டா, அதக் கேட்டேளா?"

பியூலா அவளை அடிக்க டஸ்டரைத் தூக்கினாள். வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள். அவள் சிரித்து விஜயஸ்ரீ பார்த்ததில்லை. நாலரை மணி பஸ்ஸுக்கு விஜயஸ்ரீ ஓடிப்போன பிறகும் பியூலா திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த மார்ட்டெனுக்கு என்ன வயது, குடும்பம் உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவளுக்கு விருப்பமில்லை. காலையில் ஒருவர் அவள் பெயரைச் சொல்லி எழுதுகிறார், அவள் சொன்னதை வரி வரியாக எடுத்துப்போட்டு மறுக்கிறார், சாயங்காலம் அவள் பதிலுக்காகக் காத்திருக்கிறார். இவ்வளவு கவனமாக அவளிடம் யாரும் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மார்ட்டெனிடமிருந்து நீளமாக ஒரு மெயில் வந்தது. கோபமே இல்லாத மெயில், அதுதான் பயமாக இருந்தது. "நீங்கள் மாற்றப்போவதில்லை என்று தெரிகிறது. உரிமை உங்களுடையது. ஆனால் நாங்கள் தாமிராவின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடலாமா என்று யோசிக்கிறோம். பின்லாந்து நண்பரும் எங்களோடு வருகிறார். திங்கட்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் உதவியாக இருக்கும்." தனிக்குடித்தனம் போகிறோம் என்று மருமகள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த கதைதான். குழு அவர்களோடு போய்விடும். லைப்ரரியும் பிடிவாதமும் இவளிடம் இருக்கும்.

சனிக்கிழமை லேப் அரை நாள். விஜயஸ்ரீ போனபின் பியூலா தனியாக உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்த செய்தி ஏன் வார்னிங்கில் இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு காரணம் அவளிடம் இருந்தது. அதை அவள் குழுவில் எழுதியதில்லை. வேறு யாரிடமும் சொன்னதுமில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஹெப்ரான் குவைத்தில் இருந்தான். அங்கே சண்டை வந்தது. முதலில் தப்பித்து ஊர் வந்தவர்களில் வள்ளியூர்க்காரர் ஒருவர், தாணுமாலையன் என்று பெயர், வீடு தேடி வந்தார். ஹெப்ரான் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது என்றும், அதற்குப் பிறகு அவனைத் தன் கண்ணால் பார்க்கவில்லை என்றும் சொன்னார். நல்ல மனுஷர். சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சபையில் ஹெப்ரான் பெயரை வாசித்து ஜெபித்தார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருவுக்குள் நுழையும்போது எழுந்து நிற்பாள், அது வாசலைத் தாண்டிப் போனதும் உட்காருவாள். கொஞ்ச நாளில் எழுந்து நிற்பதையும் விட்டுவிட்டாள். ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்தவாக்கிலேயே போய்விட்டாள். டாக்டர் இதயம் என்றார். பெரிய படிப்புப் படித்தவர், அவர் சொன்னால் சரிதான்.

ஹெப்ரானுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஜோர்டானுக்குப் போய், முகாமில் இருந்து, விமானத்தில் பம்பாய் வந்து இறங்கியிருந்தான். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். வெறுங்கையோடு ஊருக்குப் போவதா என்று ஒரு சிநேகிதனோடு தங்கி, கிடைத்த வேலையைப் பார்த்து, நாலு சாமான் வாங்கிக்கொண்டு சாவகாசமாக வந்தான். பெட்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தவனை எதிர்வீட்டுக்காரர்தான் கட்டிப்பிடித்து நிறுத்தினார்.

"நல்லாத்தானக்கா இருக்கேன், நேர்ல போயே சொல்லிக்கிடுவோம்னு இருந்துட்டேன்" என்றான். பதினைந்து காசுக் கார்டு ஒன்று போட்டிருக்கலாம். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவன் கேட்டபோது பியூலா "அட்டாக்" என்று மட்டும் சொன்னாள். அவன் நம்பினான். அவள் முகத்தைப் பார்க்காமலே நம்பினான்.

இதை எழுதினால் மார்ட்டென் என்ன சொல்வார்? மனம் வருந்துகிறேன் என்பார். ஆனாலும் அது வார்னிங் ஆகாது என்பார். அப்படிச் சொல்லாமல் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்தாலும் அவளுக்கு வேண்டாம். எழுதாமலே விட்டாள்.

திரையில் அந்த ஒரு வரி இருந்தது. அதில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். சரியென்று அவளுக்குத் தெரிந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் இந்த ஆட்கள் இருப்பார்கள். விடாவிட்டால் திங்கட்கிழமை காலையில் மோடம் கத்தி ஓய்ந்த பிறகு திரையில் ஒன்றும் இருக்காது. அவளுக்கு அந்த வெற்றுத் திரையை நினைத்தால் பயமாக இருந்தது. கொள்கைக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். தனியாக இருந்து பார்த்தவர்கள் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். அவள் வார்னிங் என்ற சொல்லை அழித்து இன்ஃபோ என்று அடித்தாள். புதிய பதிப்பைப் போட்டாள். குழுவுக்கு எழுதினாள்: "மாற்றிவிட்டேன்."

திங்கட்கிழமை மூன்று மெயில் வந்தது. மார்ட்டென், "நல்ல முடிவு, நன்றி" என்று எழுதியிருந்தார். பின்லாந்து வாத்தியார், "இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது!" என்று எழுதியிருந்தார். பிரேசில்காரர் வாழ்த்து சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. மோடத்தில்தான் கோளாறு என்று பியூலா முடிவுகட்டினாள். ஒயரைக் கழற்றி மாட்டினாள். தன் விலாசத்துக்குத் தானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். சாயங்காலம் அது ஒழுங்காக வந்து சேர்ந்தது. திறந்து வாசித்தாள். "சோதனை" என்று எழுதியிருந்தது.

அவளோடு அவர்களைச் சேர்த்துவைத்திருந்தது அந்தச் சண்டைதான். அது தீர்ந்ததும் ஆட்கள் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். யாருக்கும் அவள்மேல் வருத்தமில்லை. தாமிரா எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குறையில்லாத பொருளைப் பற்றி எழுத யாருக்கு என்ன இருக்கிறது? தனிக்குடித்தனம் போயிருந்தால்கூடச் சாமான் பிரிக்க நாலு தடவை வந்து போயிருப்பார்கள்.

"என்னக்கா, ஆலந்துக்காரர் பேச்சுமூச்சக் காணும்?" என்றாள் விஜயஸ்ரீ.

"எல்லாம் சரியாயிட்டுளா."

"சரியாயிட்டா? பெறவு ஏன் இப்படி இருக்கீய?"

பியூலா டஸ்டரை எடுத்து, துடைத்த திரையையே மறுபடியும் துடைத்தாள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. ஆற்றில் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. காற்றில் எங்கேயோ கம்பம் சாய்ந்து பாளையங்கோட்டையில் பாதிக்குக் கரண்ட் இல்லாமல் போயிற்று. நாலைந்து நாள் கல்லூரி திறக்கவில்லை. பியூலா வீட்டில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு காய்ச்சலோடு படுத்திருந்தாள். எதிர்வீட்டிலிருந்து ரசம் கொடுத்துவிட்டார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் தெருவில் கரண்ட் வந்து எல்லோரும் "ஓ" என்று கத்தியபோது, கூடக் கத்த அந்த வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை.

மழை விட்டுக் கல்லூரிக்குப் போன அன்று அவள் குழுவுக்கு ஒரு மெயில் எழுதினாள். "இங்கே பெரிய மழை. பல நாள் கரண்ட் இல்லை. எனக்கும் உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது கரண்ட் வந்துவிட்டது. நானும் எழுந்துவிட்டேன்." படித்துப் பார்த்தபோது அசட்டுத்தனமாக இருந்தது. இருந்தாலும் அனுப்பினாள்.

மறுநாள் காலை மார்ட்டெனிடமிருந்து பதில் வந்திருந்தது. அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள்.

"தெரிவித்ததற்கு நன்றி. எந்தப் பதிப்பு? லாக் இருந்தால் இணைத்து அனுப்பவும்."

அவள் எழுதினாள்: "தாமிராவில் ஒரு பிழையும் இல்லை. சொல்லவேண்டும் போல இருந்தது."

சாயங்காலம் பதில் வந்தது. "அப்படியானால் சரிசெய்ய ஒன்றும் இல்லை. மகிழ்ச்சி."

நல்ல மனுஷர்தான். ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. பியூலா மெஷினை அணைத்தாள், லேபைப் பூட்டினாள், சாவியை ஆபீஸில் கொடுத்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் டெலிபோன் பூத் இருந்தது. அவள் வீட்டு போனில் வெளிநாட்டுக்குப் பேச வசதியில்லை. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மஸ்கட்டுக்குப் போட்டாள். எட்டு வருஷத்தில் அவளாக அவனுக்குப் போட்டது அதுதான் முதல் தடவை.

ஹெப்ரான் எடுத்தான். அவள் குரலைக் கேட்டதும் அவன் குரல் மாறிப்போயிற்று.

"என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலலே."

"ஒனக்கு மேலுக்கு ஏதும் முடியலயா? பையச் சொல்லு."

"காச்சலா கெடந்தேன், இப்ப நல்லாயிட்டு. மழையில கரண்ட் போயிட்டு. நாலஞ்சு நாளா இல்ல. இப்ப வந்துட்டு."

"சரி. வந்துட்டுல்லா? பெறவு எதுக்கு போனு?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டான். அதுதான் பியூலாவுக்குத் தாங்கவில்லை. மார்ட்டெனுக்கு எழுதாததும், இவனிடம் சொல்லாததும், எல்லாம் சேர்ந்து நெஞ்சுக்குள்ளிருந்து ஏறி வந்தது.

"வந்துட்டுன்னு சொல்லத்தாம்லே போனு. நீ பம்பாயில எறங்குன அன்னைக்கு இப்படி ஒரு வார்த்த சொல்லியிருந்தேன்னா அம்ம இருந்திருப்பாலே. வாசலப் பாத்துப் பாத்தே செத்தா. அட்டாக்குன்னு நான் ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவன் அறையில் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"இத ஏம்க்கா இம்புட்டு வருசமும் சொல்லல?"

"நீ நல்லா இருந்தியேலே. அதான்."

அவன் "வைக்கேன்" என்றான். வைத்துவிட்டான்.

வெளியே வந்தபோது ஐயம்பெருமாள் அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி சுகமா இருக்காராம்மா?" என்று கேட்டார். தெரியவில்லை அண்ணாச்சி என்றாள் பியூலா.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேக் கொடுக்க வந்த பிள்ளைகள் போய்விட்டார்கள். வெயில் ஏறி, இறங்கவும் தொடங்கிவிட்டது. போன் வரவில்லை. சத்தம் இல்லையென்றால் எல்லாம் நலம் என்று அவள் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டியிருந்த பட்டுச்சேலையோடு பூத்துக்கு நடந்து போய் அவளே போட்டாள். அங்கே மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை.

மறுபடியும் போட்டாள்.